கோலாங் ஸ்லைஸை ஃபங்ஷனுக்குள் அனுப்பினால் என்ன ஆகும்? (கேள்வி பதில்)

கேள்வி: அண்ணா, கோலாங் மொழியில ஃபங்ஷனுக்குள்ள ஸ்லைஸோட (நீளம் மாறக்கூடிய வரிசை) முதல் எண்ணை மாத்தினா வெளியேயும் மாறுது. அப்பெண்ட் பண்ணினா (கடைசியில ஒண்ணு சேர்த்தா) மட்டும் வெளியே ஒண்ணும் தெரியல, ஏன்?

பதில்: உள்ளே போவது தரவு இல்லை தம்பி. தரவு இருக்கும் இடத்தைக் காட்டும் பாயிண்டர், நீளம், கெப்பாசிட்டி (அந்த இடத்தில் மொத்தம் எத்தனை கொள்ளும்), இந்த மூன்றும்தான். 64 பிட் மெஷினில் மொத்தமே 24 பைட், அதுதான் காப்பி ஆகிறது. பாயிண்டர் இரண்டு பக்கமும் ஒரே இடத்தைக் காட்டுவதால் எண்ணை மாற்றினால் தெரிகிறது. அப்பெண்ட் செய்யும்போது கூடுவது உள்ளே இருக்கும் காப்பியின் நீளம், உங்களிடம் இருப்பது அப்படியே கிடக்கும். புது ஸ்லைஸை ரிட்டர்ன் பண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பெண்ட் பண்ணினா எப்படியும் புது இடத்துக்குப் போயிடுமே, அப்போ பழைய ஸ்லைஸுக்கு ஆபத்து இல்லைதானே சார்?

பதில்: வம்பே அங்கேதான். நீளம் 3, கெப்பாசிட்டி 10 என்று 'ஏ' என்ற ஸ்லைஸ் ஒன்றை உருவாக்குங்கள். ஒரு ஃபங்ஷன் அதில் 7-ஐ அப்பெண்ட் செய்து 'பி' என்று தருகிறது, இன்னொன்று அதே 'ஏ'வில் 8-ஐச் சேர்த்து 'சி' என்று தருகிறது. இப்போது 'பி'யின் கடைசி எண்ணைப் பிரிண்ட் செய்தால் 8 வரும்! காலி இடம் இருந்ததால் இரண்டுமே ஒரே இடத்தில் எழுதிவிட்டன, எரரும் இல்லை பேனிக்கும் (புரோகிராம் பாதியில் நிற்பது) இல்லை. டெஸ்ட்டில் கெப்பாசிட்டி நிரம்பிய ஸ்லைஸாக இருந்தால் புது இடம் கிடைத்து எல்லாம் ஒழுங்காக ஓடும், அப்புறம் புரொடக்‌ஷனில் வந்து கழுத்தை அறுக்கும். அனுப்பும்போதே ஏ[:3:3] என்று கெப்பாசிட்டியை வெட்டி அனுப்புங்கள், இல்லாவிட்டால் கோலாங் 1.21 பதிப்பில் வந்த ஸ்லைசஸ் பேக்கேஜின் குளோன் (தனிக் காப்பி எடுக்கும் ஃபங்ஷன்) போதும்.

கேள்வி: கெப்பாசிட்டி ஒவ்வொரு தடவையும் ரெண்டு மடங்கா?

பதில்: சின்ன ஸ்லைஸுக்கு ஏறக்குறைய அப்படித்தான். 1.18 பதிப்பு முதல் கெப்பாசிட்டி 256-ஐத் தாண்டியதும் வேகம் குறைந்து 1.25 மடங்கை நோக்கி இறங்கும். மொழி விதியில் இது கிடையாது, நம்பி கோட் எழுத வேண்டாம்.

கேள்வி: மெமரி மிச்சம் பிடிக்க ஸ்லைஸுக்கே பாயிண்டர் அனுப்பலாமா?

பதில்: 24 பைட்டில் என்னத்தை மிச்சம் பிடிப்பீர்கள்? நீளமே மாற வேண்டிய இடத்தில் மட்டும் அனுப்புங்கள், ஹீப் பேக்கேஜுக்கு எழுதும் புஷ் (சேர்ப்பது), பாப் (எடுப்பது) போல. நீங்கள் பயப்பட வேண்டியது நீளம் மாறாத அர்ரேக்குத்தான்: பத்து லட்சம் இன்ட்64 உள்ள அர்ரேயை அப்படியே அனுப்பினால் ஃபங்ஷனை அழைக்கும் ஒவ்வொரு தடவையும் 80 லட்சம் பைட் காப்பி ஆகும்.