போட்டது ஒரு வழி, ஜிபிஎஸ் காட்டுவது வேறு வழி

கடலூர் முதுநகரிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "350 சிசி பைக்கில் நானும் மனைவியும் நீலகிரி மாவட்டம் கூடலூர் வரை போய், மைசூரு, பெங்களூரு வழியாகத் திரும்பலாம் என்று இருக்கிறோம். மருமகன் தான் வெளிநாட்டில் பயன்படுத்திய கார்மின் ஜிபிஎஸ் கருவியைக் கொடுத்திருக்கிறார். கம்ப்யூட்டரில் கோத்தகிரி வழியாக வழி போட்டேன். கருவியில் ஏற்றியதும் அது குன்னூருக்கு மாறிவிட்டது. ஒத்திகைக்காக வடலூர் வரை போய்ப் பார்த்தேன். பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு புள்ளி வைத்திருந்தேன். கூட்டமாக இருந்ததால் வேறு தெருவில் திரும்பிவிட்டேன். வடலூர் வரைக்கும் 'திரும்பிப் போ' என்றே சொல்லிக்கொண்டு வந்தது. அதிலுள்ள இந்திய மேப் 2017-ஆம் வருஷத்தது. புதிது ஏற்ற ஒரு கடையில் ஆறாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். கருவியில் கோளாறா, என்னிடம் கோளாறா?"

இரண்டிலும் இல்லை சார். நீங்கள் கருவிக்குக் கொடுத்தது என்ன என்பது உங்களுக்கு யாரும் சொல்லாத விஷயம். அதை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

உங்கள் வீட்டு வாசலில் போடும் புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் நீங்கள் பார்த்தது புள்ளியும் கோடும் சேர்ந்த முழுக் கோலம். கருவிக்குப் போனது பெரும்பாலும் புள்ளிகள் மட்டும்தான். கோட்டை அது தன்னிடம் இருக்கும் மேப்பை வைத்து, தன் கணக்குப்படி, புதிதாக இழுக்கிறது. உங்களிடம் மேட்டுப்பாளையத்தில் ஒரு புள்ளி, ஊட்டியில் ஒரு புள்ளி இருந்திருக்கும். நடுவில் எதுவும் இல்லை. கம்ப்யூட்டரில் ஒரு மேப், கருவியில் 2017 மேப், அங்கே 'குறைந்த தூரம்', இங்கே 'குறைந்த நேரம்' என்று அமைப்பும் வேறாக இருந்தால், இரண்டு பேர் போட்ட இரண்டு கோலமாகத்தான் வரும். அது குன்னூரைத் தேர்ந்தெடுத்ததில் பிழை கிடையாது.

ஆகவே புள்ளியை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் உங்கள் முழுக் கவனமும் இருக்க வேண்டும். ஊரின் பெயரை அடித்துத் தேடிப் புள்ளி வைக்காதீர்கள். ஊர்ப் பெயரைக் கொடுத்தால் அது ஊரின் நட்டநடுவில், கடைத்தெருவிலோ தாலுகா ஆபீஸ் வாசலிலோ கொண்டுபோய்ப் புள்ளியைப் போடும். சாலை பிரிகிற இடத்தைத் தாண்டி, உங்களுக்கு வேண்டிய சாலையில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் உள்ளே வையுங்கள். மேட்டுப்பாளையத்தில் பவானிப் பாலம் தாண்டியதும் குன்னூர் ஒரு பக்கம், கோத்தகிரி ஒரு பக்கம் பிரிகிறது. கோத்தகிரிச் சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு புள்ளி விழுந்திருந்தால் கருவிக்கு வேறு வழியே இருந்திருக்காது. (கோடை சீசனில் ஏறுவதற்குக் குன்னூர், இறங்குவதற்குக் கோத்தகிரி என்று ஒருவழி ஆக்கிவிடுகிறார்கள். மே மாதம் போவதாக இருந்தால் உங்கள் கருவி சொன்ன குன்னூர்தான் சரி.)

அடுத்தது, புள்ளி வைக்கும்போது திரையை எவ்வளவு பெரிதாக்குகிறீர்கள் என்பது. சின்னசேலத்திலிருந்து சேலம் போகும் நான்குவழிச் சாலையை எடுத்துக்கொள்வோம். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே கோடு. பெரிதாக்கிக்கொண்டே போங்கள், ஒரு கட்டத்தில் அது இரண்டு கோடாகப் பிரியும். இன்னும் பெரிதாக்கினால் ஓரத்தில் மெல்லிய சர்வீஸ் ரோடும் தெரியும். நீங்கள் மேற்கே போகிறீர்கள். திரையில் வடக்கு மேலே இருக்கிறது. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். எனவே இரண்டில் கீழே இருக்கும் கோடு உங்களுடையது. மேல் கோட்டில் புள்ளி விழுந்தால் அது சென்னைப் பக்கம் வருகிற தடம். தலைவாசல் அருகே எனக்கே இது நடந்தது. எதிர்த்தடத்தில் விழுந்த ஒரு புள்ளியைத் தொடுவதற்காகக் கருவி என்னைத் தாண்டிப் போகச் சொல்லி, யூ-டர்ன் அடித்து வந்த வழியே வரச் சொல்லி, மறுபடி யூ-டர்ன் அடிக்கச் சொன்னது. லாரிகள் பறக்கிற சாலையில், பின்னால் ஆளை வைத்துக்கொண்டு, இரண்டு யூ-டர்ன். வீட்டில் அரை நிமிஷம் திரையைப் பெரிதாக்கியிருந்தால் அது தேவையில்லை.

பண்ருட்டிக்கு வருவோம். புள்ளியில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நின்று போக வேண்டிய இடம். அதை வயா பாயின்ட் என்பார்கள். ஹோட்டல், பெட்ரோல் பங்க் இதெல்லாம். இன்னொன்று, வழி இந்தப் பக்கமாக வளைய வேண்டும் என்பதற்காக மட்டும் வைப்பது. அது ஷேப்பிங் பாயின்ட். முதல் வகையை நீங்கள் தொடாமல் போனால் கருவி விடாது. கணக்கு வாத்தியார் மாதிரி திரும்பத் திரும்ப அங்கேயே கூப்பிடும். நீங்கள் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டை முதல் வகையாக வைத்துவிட்டீர்கள். கார்மினின் பேஸ்கேம்ப் மென்பொருளில் புள்ளியின் மேல் வலது கிளிக் செய்தால், வந்து சேர்ந்ததை அறிவிக்க வேண்டாம் என்று ஒரு தேர்வு இருக்கும். அதைத் தொட்டால் இரண்டாம் வகையாகிவிடும். பத்துப் புள்ளியில் ஏழெட்டு இப்படித்தான் இருக்க வேண்டும். ஓட்டும்போது ஒரு புள்ளி தவறிவிட்டதா? பைக்கை ஓரமாக நிறுத்துங்கள். புதிய மாடல்களில் அந்தப் புள்ளியை விட்டுவிடு என்று ஒரு பொத்தான் இருக்கும். அது இல்லாவிட்டால் பயணத்தை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். அடுத்த இலக்கு எது என்று கேட்கும். தவறியதைத் தாண்டி அடுத்ததைத் தொடுங்கள், வாய் மூடிக்கொள்ளும்.

ஒவ்வொரு நாளுக்கும் தனி வழி போடுங்கள். முதல் நாள் விருத்தாசலம், சின்னசேலம், சேலம், பவானி, சத்தியமங்கலம். மறுநாள் மலை. நான்கு நாள் பயணத்தை ஒரே வழியாகப் போட்டால் ஒரு புள்ளி பிசகினாலும் எல்லாம் பிசகும்.

இப்போது அந்த ஆறாயிரம் ரூபாய். தயவுசெய்து கொடுக்காதீர்கள். இதைத்தான் நான் புதுச்சேரியிலும் கடலூரிலும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெளிநாட்டுக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிறவரைப் பார்த்ததும் சில கடைக்காரர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. 'லைஃப்டைம் மேப்', 'அன்லாக்' என்று இரண்டு வார்த்தை சொல்வார்கள். ஒரு மணி நேரம் கழித்து வரச் சொல்வார்கள். ஏற்றித் தருவது பெரும்பாலும் யாரோ எங்கோ களவாடிய பழைய மேப். அடுத்த வருஷம் போனால் கடையில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார். அதைவிட மோசம், இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பையே ஏற்றிவிட்டு, தாங்கள் வரைந்த மாதிரி பணம் வாங்குகிறவர்கள். என்னிடம் வந்த ஒருவருடைய கருவியைத் திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது அதுதான். நான்காயிரத்து ஐந்நூறு கொடுத்திருந்தார். உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் சேர்ந்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வரைந்து வைத்த மேப் அது. கார்மினுக்கு ஏற்ற வடிவத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். மெமரி கார்டில் 'கார்மின்' என்ற ஃபோல்டரில் அந்தக் கோப்பை வைத்துக் கருவியில் செருகினால் எடுத்துக்கொள்ளும். வீட்டுக்குப் பக்கத்தில் கல்லூரிப் பிள்ளை யாராவது இருந்தால் செய்து தருவார்கள். அதே மேப்பைக் கம்ப்யூட்டரிலும் போட்டு, அதிலேயே வழி போடுங்கள். வழி மாறிப்போகிற பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும்.

2017 மேப்பை ஏன் விட வேண்டும் என்றால், நம் பக்கத்துச் சாலையே மாறிவிட்டது. விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலையைப் பகுதி பகுதியாகத் திறந்தார்கள். பழைய மேப்போடு அதில் ஏறினால், திரையில் உங்கள் அம்புக்குறி வயல் நடுவே சாலையே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். சாலை திறக்கிற அன்றைக்கு ரிப்பன் வெட்டுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். அந்தச் சாலை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, பைக் போகலாமா என்பதை மேப் வரைகிறவர்கள் எடுத்துக்கொள்கிற மாதிரி ஒரே இடத்தில் வெளியிட ஏன் ஆளில்லை? மலைப்பாதையை மூடினாலும் ஒரு செய்திக் குறிப்போடு முடித்துக்கொள்கிறார்கள். நெடுஞ்சாலை எண்களை 2010-இல் மாற்றினார்கள். புதுச்சேரி, திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரி போகும் சாலையை நம் ஆட்கள் இன்னும் '66' என்றுதான் சொல்கிறார்கள். இன்றைக்கு 66 என்பது பன்வேலிலிருந்து கேரளக் கரையோரமாகக் கன்னியாகுமரி வரும் சாலை. நம்முடையது திண்டிவனத்துக்கு மேற்கே 77. எண்ணை நம்பி வழி போடாதீர்கள்.

பெயரையும் நம்பாதீர்கள். நீங்கள் போவது நீலகிரிக் கூடலூர். தேனி மாவட்டத்தில் கம்பத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கூடலூர் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். தேடும்போது முதலில் வருவதைத் தொட்டுவிட்டால் தெற்கே போய்ச் சேர்வீர்கள். பட்டியலில் பக்கத்திலிருக்கும் தூரத்தையும் மாவட்டத்தையும் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

சுங்கச்சாவடி. கருவியில் 'டோல் சாலைகளைத் தவிர்' என்பது போட்டிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் பைக்குக்குக் கட்டணம் கிடையாது. அந்தக் கருவி காருக்கும் ஐரோப்பாவுக்கும் பழகியது. அதை அப்படியே விட்டால் நத்தக்கரைச் சாவடிக்கு முன்னால் உங்களைக் கீழே இறக்கி, கரும்பு வண்டி போகிற கிராமத்துச் சாலையில் சுற்றவிடும்.

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு, உங்கள் திரும்பும் வழியிலேயே இருக்கிறது. பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் நடுத்தடங்களில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, டிராக்டருக்கு அனுமதி இல்லை. உங்கள் கருவியை மோட்டார் சைக்கிள் என்று அமைத்திருந்தாலும் இந்தத் தடை அதற்குத் தெரிந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். மைசூரு தாண்டியதும் 'வலப்பக்கம் ஏறு, வலப்பக்கம் ஏறு' என்று நடுத்தடத்துக்கே கூப்பிடும். 'நெடுஞ்சாலைகளைத் தவிர்' என்று போட்டால் சிலர் சொல்கிற மாதிரி சரியாகாது. மாண்டியாவைவிட்டே எங்கோ தள்ளிக்கொண்டு போகும். இதற்கும் புள்ளிதான் மருந்து. விரைவுச்சாலை ஊர்களுக்கு வெளியே புறவழியாகப் போகிறது; பழைய சாலை ஊருக்குள் போகிறது. ஸ்ரீரங்கப்பட்டணம், மாண்டியா, மத்தூர், சென்னபட்டணா, ராமநகரா, பிடதி ஆகிய ஒவ்வொரு ஊரின் உள்ளேயும், பழைய சாலையின் மேலேயே, ஒரு ஷேப்பிங் பாயின்ட் வையுங்கள். ஊருக்குள் புள்ளி வைக்காதே என்று மேலே சொன்னேன் அல்லவா, இங்கே மட்டும் வைக்க வேண்டும். ஊருக்கு ஊர் நடுவே சர்வீஸ் ரோட்டிலேயே போங்கள். கருவி என்ன சொன்னாலும் நடுத்தடத்துக்கு ஏறாதீர்கள். இதில் மட்டும் உங்கள் கண்ணுக்குத் தெரிகிற பலகைதான் பேச்சு.

கூடலூரிலிருந்து முதுமலை, பந்திப்பூர் வழியாகப் போகிறீர்கள். பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். இதையும் கருவி சொல்லாது. மதியத்துக்குள் அந்தக் காட்டைக் கடந்துவிடுகிற மாதிரி அன்றைய நாளைப் போடுங்கள்.

போனில் இருக்கும் மேப் போதாதா என்று அடுத்து கேட்பீர்கள். வையுங்கள், ஆனால் சட்டைப் பையில் வையுங்கள். வழியில் சிக்னல் இல்லாத இடங்களுக்கு முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பைக்கின் அதிர்வில் போன் கேமரா கெட்டுப்போகலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்திருக்கிறது.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, வடலூர், குள்ளஞ்சாவடி, மறுபடி கடலூர் என்று ஒரு சுற்று வழி போடுங்கள். நெல்லிக்குப்பத்தில் ஷேப்பிங் பாயின்ட், பண்ருட்டியில் வயா பாயின்ட். இந்த முறை வேண்டுமென்றே பண்ருட்டிப் புள்ளியைத் தொடாமல் போங்கள். அது கூப்பிட ஆரம்பித்ததும் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, அடுத்த இலக்காக வடலூரைத் தொட்டுப் பாருங்கள். பின்னால் இருக்கும் அம்மாவையும் ஒருமுறை தொடச் சொல்லுங்கள். மலையில் கையுறையோடு நீங்கள் தடவிக்கொண்டிருக்கும்போது அவர்தான் செய்ய வேண்டியிருக்கும்.