திருகோணமலையில் வசந்தகாலம் உண்டா? அதைப் பூக்களோடு எப்படி வரவேற்கிறார்கள்?

உண்டு. பனி உருகி வரும் வசந்தம் அல்ல. தமிழ்ப் பருவக் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து சில வாரங்களில் வெயில் ஏறும். மரங்கள் பூக்கத் தொடங்கும். முள்முருக்கு இலையுதிர்த்துவிட்டுச் செக்கச்செவேலென்று நிற்கும். கொன்றை சரஞ்சரமாகத் தொங்கும். சிவனுக்கு உகந்த பூ என்பதால் கோணேசர் ஊரில் அதற்குத் தனி மதிப்பு.

கொண்டாட்டத்தின் உச்சம் ஏப்ரல் 14ஐ ஒட்டி வரும் சித்திரைப் புத்தாண்டு. அன்று பூ, தலையில் சூடுவதற்கும் சாமிக்கு வைப்பதற்கும் மட்டுமல்ல, குளிப்பதற்கும்தான். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ ஆகியவற்றுடன் துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், சுக்கு, திப்பிலி, பால் எல்லாம் சேர்த்துக் காய்ச்சுவதே மருத்துநீர். கோயிலில் வாங்கிவந்து, பெரியவர்கள் கையால் உச்சியில் வைத்துத் தேய்த்த பிறகே தலைமுழுகுவோம். தாழம்பூ மணமும் சுக்கின் காரமும் கலந்த அந்த நெடி எனக்கு இன்றும் புத்தாண்டின் வாசனை.

வேப்பம்பூவை மறக்கக் கூடாது. எங்கள் அம்மம்மா விடியுமுன் மரத்தடியில் பாய் விரித்துவிடுவார். உதிர்ந்த பூவைப் புடைத்து, ஊறவைத்து அரைத்த உளுந்தோடும் செத்தல் மிளகாயோடும் பிசைந்து, தட்டி வெயிலில் காயவைத்தால் வேப்பம்பூ வடகம். பொரித்துச் சோற்றோடு கடித்தால் மெல்லிய கசப்பு நாவில் நிற்கும். இளவேனிலை ஆண்டு முழுவதும் டப்பாவில் வைத்திருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.