கொவ்துனின் பெயர் இல்லாத கடிதம்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

2014 சோச்சி ஒலிம்பிக்ஸில் பனித்தளத்தில் சறுக்கி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கின் ரஷ்ய வீரர் எவ்கெனி பிளுஷென்கோ, தனிநபர் போட்டி தொடங்கும் முன்னரே விலகிய காணொளியை அண்மையில் பார்த்தேன். அதற்கு முன்னும் பின்னும் வந்த செய்திகளையும் தேடிப் படித்தேன். அணிப் போட்டியில் தங்கம் வாங்குவதற்காகவே ரஷ்யாவின் ஒரே இடத்தை அவர் திருடிக்கொண்டார் என்றும், முதுகுவலி ஏற்கெனவே திட்டமிட்ட நாடகம் என்றும் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அவருடைய தீவிர ரசிகரான என் அண்ணன் இதைக் கேட்டு என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். பிளுஷென்கோ ஏமாற்றினாரா, இல்லையா? இத்தகைய செய்திகளில் எதை நம்புவது?

கதிர்

அன்புள்ள கதிர்,

முதலில் அண்ணனிடம் பேசிவிடுங்கள். யாரோ ஒருவருடைய முதுகெலும்பின் பெயரால் ஒரு வீட்டில் இரண்டு பேர் முகம் பார்க்காமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் வெளியிட்டிருக்கிறேன். அந்த வீரரின் மனைவியைப் பற்றிய பத்தியை நீக்கிவிட்டேன். அதற்குப் பதிலும் சொல்லப்போவதில்லை. ஒரு விளையாட்டு வீரரைப் பற்றிய வாதம் அவருடைய வீட்டுக்குள் நுழைந்த கணத்தில் அது வாதமாக இருப்பதில்லை, வம்பாகிவிடுகிறது. 'எதை நம்புவது' என்ற கேள்விக்கும் நீண்ட பதில் தேவையில்லை. பெயர் சொல்லாத ரஷ்ய ஸ்கேட்டிங் 'சம்மேளன வட்டாரம்' பேசும் செய்தியை ஒதுக்கிவிட்டு, போட்டியின் முடிவுப் பட்டியலையும் விதிப் புத்தகத்தையும் படியுங்கள்.

நாடகம் என்கிறீர்கள். 2013 ஜனவரியில் ஜாக்ரெபில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் ஷார்ட் புரோகிராம் என்ற முதல் சுற்று முடிந்த கையோடு விலகி, அதன் பிறகு முதுகெலும்பில் செயற்கை வட்டு பொருத்தும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அவர். 2014 பிப்ரவரி 13 அன்று வார்ம்-அப்பில் ட்ரிபிள் ஆக்ஸல் என்ற மூன்றரைச் சுற்றுத் தாவலைத் தாவி இறங்கியபோது அவர் கால் தடுமாறியதையும், கை இடுப்புக்குப் பின்னால் போனதையும், மெதுவாக நடுவரிடம் சென்று பேசிவிட்டுப் பார்வையாளர்களை வணங்கி வெளியேறியதையும் நானும் தொலைக்காட்சியில் பார்த்தேன். அந்த வலியின் அளவு அவருக்குத் தெரியும், அவருடைய மருத்துவருக்குத் தெரியும். பல ஆண்டுகள் கழித்து ஒரு காணொளியைப் பார்த்துத் தீர்ப்பு எழுத உங்களுக்கும் எனக்கும் என்ன தகுதி இருக்கிறது?

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. இடம், இடம் என்று கடிதம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். யாருடைய இடம் பறிபோனது என்று சொல்கிறீர்களோ, அந்தப் பையனின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. மக்ஸிம் கொவ்துன். அப்போது அவருக்கு வயது 18. சில வாரங்களாக நான் அவரைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்; உங்கள் கடிதம் வந்து அந்த இடத்திலேயே தொட்டது.

தொடக்கத்திலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். ஒலிம்பிக்ஸில் இடம் என்பது நாட்டுக்கு உரியது, ஆளுக்கு உரியது அல்ல. முந்தைய ஆண்டு உலகப் போட்டியில் ஒரு நாட்டின் வீரர்கள் பெறும் தரவரிசையே அடுத்த ஆண்டு அந்த நாடு எத்தனை பேரை அனுப்பலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. அப்போதைய விதிப்படி, ஒருவரை மட்டும் அனுப்பிய நாட்டுக்கு, அவர் முதல் பத்து இடங்களுக்குள் வந்தால் இரண்டு இடம், முதல் இரண்டுக்குள் வந்தால் மூன்று இடம். 2013 மார்ச்சில் கனடாவின் லண்டன் நகரில் நடந்த உலகப் போட்டியில் கொவ்துன் 17ஆம் இடத்தில் முடித்தார். அதனால் சொந்த மண்ணில் நடக்கவிருந்த ஒலிம்பிக்ஸுக்கு ரஷ்யாவுக்குக் கிடைத்தது ஒரே ஓர் ஆண்கள் இடம். ஆகவே பிளுஷென்கோ 'திருடினார்' என்பது பொருளற்ற பேச்சு. இடம் சம்மேளனத்தின் கையில் இருந்தது, கொடுத்தவர்களும் அவர்களே. கேள்வி கேட்க வேண்டுமானால் கொடுத்தவர்களைக் கேளுங்கள்.

அந்த ஒரே இடத்துக்கு இன்னொரு சுமையும் சேர்ந்தது. அணிப் போட்டி முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது சோச்சியில்தான். ஒரே இடம் உள்ள பிரிவில் ஒரு நாட்டால் ஆளை மாற்ற முடியாது. ஆகவே யார் போனாலும் பிப்ரவரி 6, 9 தேதிகளில் அணிக்காக இரண்டு முறை, 13, 14 தேதிகளில் தனக்காக இரண்டு முறை என ஒன்பது நாட்களில் நான்கு முறை ஆட வேண்டும். 31 வயதில், அறுவை செய்த முதுகோடு, பிளுஷென்கோ முதல் இரண்டையும் ஆடினார். ஷார்ட் புரோகிராமில் ஜப்பானின் ஹன்யுவுக்கு அடுத்த இடம், இரண்டாம் சுற்றான ஃப்ரீ ஸ்கேட்டில் முதலிடம். ரஷ்யா எடுத்த 75 புள்ளிகளில் 19 அவருடையவை. அந்தத் தங்கத்தை யாரும் அவருக்குத் தானமாகத் தரவில்லை.

இனி கொவ்துனிடம் வருகிறேன். 2013 டிசம்பரில், சோச்சியில் நடந்த தேசியப் போட்டியில், ஒலிம்பிக்ஸ் நடக்கவிருந்த அதே அரங்கில், அவர் முதலிடம் பெற்றார்; பிளுஷென்கோ இரண்டாமிடம். வென்றவன் போவான் என்று ஒரு பதினெட்டு வயதுப் பையன் நினைப்பதில் என்ன பிழை இருக்கிறது? ஆனால் முடிவு அறிவிக்கப்படவில்லை. ஜனவரியில் புடாபெஸ்ட் ஐரோப்பியப் போட்டியில் எப்படி ஆடுகிறான் பார்ப்போம் என்றார்கள். அங்கே அவர் ஐந்தாமிடம். மற்ற ரஷ்ய வீரர்களான வொரொனொவும் மென்ஷோவும் வெள்ளியும் வெண்கலமும் வாங்கினார்கள். உடனே மேலும் இரண்டு பெயர்கள் பேச்சில் சேர்ந்தன. புடாபெஸ்டுக்கே போகாத பிளுஷென்கோ, ஜனவரி பிற்பகுதியில் பத்திரிகையாளரும் பொதுமக்களும் இல்லாத மூடிய அரங்கில் அதிகாரிகள் முன்னால் ஆடிக் காட்டினார். இடம் அவருக்கு என்று முடிவாயிற்று.

அந்த ஒரு மாத காலத்தில் வந்த வதந்திகளை எண்ணிப் பாருங்கள். அணிப் போட்டிக்கு ஒருவர், தனிநபர் போட்டிக்கு இன்னொருவர் என்றார்கள். தங்கம் கிடைத்ததும் மூத்தவர் உடல்நிலையைக் காட்டி விலகுவார், இளையவர் கடைசி நேரத்தில் வந்து சேருவார் என்றார்கள். லண்டனில் இடத்தைத் தொலைத்தவனே அவன்தானே, அவனுக்கு என்ன உரிமை என்றும் எழுதினார்கள். இது எதுவும் வெறும் வன்மத்தால் முளைத்தது அல்ல என்பதே என் வாதம். எந்தப் போட்டியின் முடிவு எந்த அளவுக்குக் கணக்கில் வரும், தேசியப் பட்டத்துக்கு என்ன மதிப்பு, புடாபெஸ்டில் எத்தனையாவது வந்தால் போதும், மூடிய அரங்கில் எதை ஆடிக் காட்டினால் தேர்ச்சி என்று டிசம்பருக்கு முன்பே எழுதி வெளியிட்டிருந்தால், ஜனவரியில் ஒரு நிருபருக்கு ஊகிக்க என்ன இருந்திருக்கும்? அளவுகோலைச் சொல்லாமல் ஆளைத் தேர்ந்தெடுக்கிறவர்கள்தான் வதந்தியின் முதல் ஆசிரியர்கள். பத்திரிகைகள் அதை அச்சிடுகின்றன, அவ்வளவுதான்.

பிளுஷென்கோவைத் தேர்ந்தது தவறு என்று நான் சொல்லவில்லை. அணிப் போட்டியின் கணக்கைப் பார்த்தால் அது சரியான தேர்வாகக்கூட இருக்கலாம். அதைச் சரியான தேர்வு என்று ஒப்புக்கொள்ள ஓர் ஆதாரத்தையும் அவர்கள் நமக்குத் தரவில்லை, கொவ்துனுக்கும் தரவில்லை. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்கு 2006ஆம் ஆண்டைப் பாருங்கள். காயத்தால் அமெரிக்கத் தேசியப் போட்டியில் ஆட முடியாமல் போன மிஷெல் குவான், தன்னை டுரின் அணியில் சேர்க்கும்படி விண்ணப்பித்தார். தேர்வுக் குழு 20-3 என்று வாக்களித்து ஏற்றுக்கொண்டது. எந்தத் தேதிக்குள் தம் உடல்தகுதியைக் காட்ட வேண்டும் என்பதையும் உடனே சொன்னது. அவர் பயிற்சி பெறும் அரங்குக்கே ஐந்து பேர் சென்று பார்த்தார்கள். தேசியப் போட்டியில் மூன்றாமிடம் வந்த எமிலி ஹியூஸ்தான் மாற்று வீராங்கனை என்பது முதல் நாளிலிருந்தே ஊரறிந்தது. டுரினில் ஒரே பயிற்சிக்குப் பின் குவான் விலகியதும் ஹியூஸ் விமானம் ஏறி வந்து ஏழாமிடம் பிடித்தார். அப்போதும் முணுமுணுப்பு இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் காத்திருந்த பெண்ணுக்குத் தான் எந்த வரிசையில் எதற்காக நிற்கிறோம் என்று தெரிந்திருந்தது. அதே குவான் 1994இல், 13 வயதில், தேசியப் போட்டியில் இரண்டாமிடம் வந்தும், தாக்கப்பட்டுப் போட்டியிட முடியாமல் போன நான்சி கெரிகனுக்கு இடம் விட்டு மாற்று வீராங்கனையாக நின்றவர் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொவ்துனுக்கு அப்படி எதுவும் இல்லை. சோச்சி முடிந்த மறுமாதம் ஜப்பானின் சைதாமாவில் நடந்த உலகப் போட்டிக்கு அவரைத்தான் அனுப்பினார்கள். ஹன்யு, மச்சிதா, ஃபெர்னாண்டஸ் மூவருக்கும் அடுத்து நான்காமிடம். முந்தைய ஆண்டு தன்னால் பெற்றுத்தர முடியாத இரண்டாவது இடத்தை இம்முறை தானே பெற்றுக்கொடுத்தார். அதை நீங்கள் தேடிப் படித்த செய்திகளில் எத்தனை எழுதின? பின்னர் 2015இலும் 2017இலும் ஐரோப்பிய வெள்ளி வாங்கினார். 2018 ஒலிம்பிக்ஸ் அணியிலும் அவர் பெயர் இல்லை. 2018 டிசம்பரில் மறுபடியும் தேசியப் பட்டத்தை வென்று, 2019இல் ஓய்வு பெற்றார். ஓர் ஒலிம்பிக்ஸிலும் அவர் ஆடவில்லை.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, கதிர். உங்களுக்கு இந்த விளையாட்டின்மேல் உண்மையான பற்று இருப்பது தெரிவதால்தான் அந்தக் கோபம். அநீதி நடந்துவிட்டது என்று துடித்து இவ்வளவு நீளமாக எழுதியவர், அநீதிக்கு ஆளானவர் யார் என்று கேட்கக்கூட மறந்துபோனது எப்படி? அண்ணனையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சைதாமாவில் கொவ்துன் ஆடியதைப் பாருங்கள். பார்த்துவிட்டு, அவருடைய தாவல்கள், சுழற்சிகள், இசைக்கு அவர் நகரும் விதம் ஆகியவற்றைப் பற்றி எனக்கு எழுதுங்கள். பிளுஷென்கோவின் முதுகைப் பற்றி இன்னொரு கடிதம் வந்தால் நான் பதில் எழுதமாட்டேன்.

அன்புடன்.