பழைய பேப்பரில் ஒரு கொலைக்கேஸ்: கேள்வி பதில்

கேள்வி (மேலூர்): ஐயா, எங்கள் பூட்டனாரைக் கால்வாய்த் தண்ணீர்த் தகராறில் வெட்டிவிட்டார்கள் என்பார் அப்பத்தா. 'தாது வருஷம், ஆடி மாசம்' என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. எங்கே தொடங்குவது?

பதில்: பாதி வேலையை அப்பத்தாவே முடித்துவிட்டார். தாது 60 வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும்: 1876, 1936. முன்னது பஞ்சகாலம்; உங்கள் பக்கம் பெரியாற்றுத் தண்ணீர் பாய்ந்ததே 1895-க்கு அப்புறம். ஆகவே 1936 ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. ஆனால் அந்த ஒரு மாதத்தோடு நிறுத்திவிடாதீர்கள். சம்பவம் நடந்தபோது பேப்பரில் பெரும்பாலும் நாலு வரிதான் போட்டிருப்பார்கள். செஷன்ஸ் கோர்ட்டில் (கொலைக்கேஸை விசாரிக்கும் கோர்ட்) விசாரணை நடக்கும்போதுதான் சாட்சிகள் சொன்னது விரிவாக வரும். தூக்கு விதித்திருந்தால் ஹைகோர்ட் உறுதி செய்தாக வேண்டும், அப்போது இன்னொரு முறை வரும். 1937 கடைசி வரை புரட்டுங்கள்.

கேள்வி (உசிலம்பட்டி): 1930-களின் கேஸைத் தினத்தந்தியில் பார்க்கலாமா?

பதில்: அது பிறந்தது மதுரையில்தான், ஆனால் 1942-ல். அதற்கு முன்பு என்றால் சுதேசமித்திரன். 1934-லிருந்து தினமணியும் உண்டு. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் கன்னிமாராவிலும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (தேனி): ஒரு வாரம் தேடியும் தாத்தா பெயர் கண்ணில் படவில்லையே?

பதில்: தேனி மாவட்டம் வந்ததே 1996-ல். அதுவரை மதுரை ஜில்லாதான். பெரியகுளம் தாலுகா என்று பாருங்கள். பெயரையும் நம்பாதீர்கள். என் தாத்தாவின் அண்ணன் கேஸை மூன்று நாள் தேடினேன், இரண்டு முறை கண்ணெதிரே தவறவிட்டேன். ஆள் பெயரே இல்லாமல் வெறும் 'சேர்வை' என்று அச்சாகியிருந்தது. காட்டிக்கொடுத்தது ஊர்ப்பெயரும் 'புளியந்தோப்பு' என்ற சொல்லும்தான். வீட்டில் வரப்புத் தகராறு என்பார்கள், பேப்பரிலோ கடன் பாக்கி. பேப்பரில் வந்தது கோர்ட்டில் அரசுத் தரப்பு சொன்ன கதை, அவ்வளவுதான். நோட்டில் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.

கேள்வி (திருமங்கலம்): மதுரை ஹைகோர்ட்டில் பழைய தீர்ப்பு கிடைக்குமா?

பதில்: மதுரைக் கிளை 2004-ல்தான் திறந்தது. பழைய அப்பீலெல்லாம் சென்னையில் நடந்தவை. சட்டச் சிக்கல் இருந்த கேஸ் என்றால் பழைய லா ரிப்போர்ட்டில் (தீர்ப்புகளைத் தொகுத்து அச்சிடும் புத்தகம்) வந்திருக்கலாம். தெரிந்த வக்கீலைப் பிடியுங்கள்.

கேள்வி (சோழவந்தான்): வெட்டியவரின் பேரன்மார் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார்கள். குடும்ப வரலாற்றில் பெயர் போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் அம்மா. முதலில் போய்ப் பேசுங்கள். அந்த வீட்டிலும் ஓர் அப்பத்தா இருப்பார். உங்களுக்குக் கிடைக்காத தேதிகூட அவரிடம் இருக்கலாம்.