அப்பாவை எப்படி டாக்டரிடம் கூட்டிப் போவது?

வணக்கம் அண்ணா,

காங்கயம் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். என் பெரியப்பா போன வருசம் தவறிவிட்டார். மாசக்கணக்கில் இடுப்பு வலி என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். கால் மரத்துப் போன பிறகுதான் கோயமுத்தூர் கூட்டிப் போனோம். புராஸ்டேட் புற்றுநோய், முதுகெலும்புக்குப் பரவிவிட்டது என்றார்கள். என் அப்பாவுக்கு இப்போது 63 வயது. ராத்திரி நாலைந்து தடவை ஒண்ணுக்கு எழுந்து போகிறார். டாக்டரைப் பார்க்கலாம் என்றால், "அது சூடு கண்ணு, எளநி குடிச்சாச் சரியாப் போயிரும்" என்கிறார். நம் ஊர் ஆம்பளைகளைப் புராஸ்டேட் பரிசோதனைக்கு எப்படித்தான் வரவைப்பது?

ம.

அன்புள்ள ம.,

பெரியப்பாவுக்கு நேர்ந்தது உங்கள் வீட்டில் இன்னொருவருக்கு நேரக் கூடாது. அதனால் முதலில் அப்பாவைப் பற்றிப் பேசிவிடுகிறேன். புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. ராத்திரி அடிக்கடி எழுந்து போவது பெரும்பாலும் வயதில் வரும் அதன் சாதாரண வீக்கத்தால் இருக்கும். சர்க்கரை இருந்தாலும் வரும். புற்றுநோயோ ஆரம்பத்தில் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தராது, அதுதான் அதன் கொடுமை. ஆனால் கூடப்பிறந்தவருக்கு இந்த நோய் வந்திருந்தால் ஒருவருக்கு ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல். தொந்தரவும் இருந்து, அண்ணனுக்கும் வந்திருப்பதால், உங்கள் அப்பா எந்த முகாமுக்கும் காத்திருக்கக் கூடாது. நேராக டாக்டரிடம் போக வேண்டும்.

இனி உங்கள் கேள்வி. நம் ஆட்களுக்கு விவரம் பத்தாது என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்வதில்லை. கோவை அரவிந்த், சங்கரா மருத்துவமனைகள் ஊருக்குள் கண் முகாம் போட்டால் இதே ஆட்கள்தான் வரிசையில் நிற்கிறார்கள். பத்துப் பேர் சேர்ந்து போகிறார்கள். ஆபரேசன் முடிந்து வந்தவர் பால் சொசைட்டியில் நின்று, "வலியே இல்லீங்க, இப்ப நல்லாத் தெரியுது" என்கிறார். அடுத்த முகாமுக்கு வேறு விளம்பரமே வேண்டாம். புராஸ்டேட் விஷயத்தில் அப்படிச் சொல்ல ஆள் இல்லை. பரிசோதித்து நல்லபடியாக இருப்பவர் வெளியே பேசுவதில்லை. முற்றிப்போய் இறந்தவரின் கதைதான் ஊரெல்லாம் சுற்றுகிறது.

கேட்கிற ஆளும் முக்கியம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை பார்க்கத் தோட்டத்து வீடு வரைக்கும் வருகிறார்கள். அருமையான வேலை. ஆனால் வருபவர் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண், மகள் வயசு இருக்கும். அவரிடம் 63 வயதுக்காரர், "ஒண்ணுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் போகுது" என்று எப்படிச் சொல்வார்? அவர் கேட்கும் கேள்விகளிலும் இது இல்லை. அரசு வீடு தேடித் தேடும் புற்றுநோய்கள் வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றும்தான். ஆக, இந்தப் பேச்சை யாரும் எடுப்பதே இல்லை.

அப்புறம் பயம். விரல் விட்டுப் பார்ப்பார்கள் என்ற கூச்சம், கத்தி பட்டால் பரவிவிடும் என்ற நினைப்பு, ஆண்மை போய்விடும், தோட்டத்தை விற்க வேண்டி வரும் என்ற கவலை. இதில் கத்தி பட்டால் பரவும் என்பது மட்டும் தவறு. மற்றதில் உண்மை உண்டு, அதை மறைத்துப் பேசினால் நம்மை நம்ப மாட்டார்கள். ஆபரேசனால் ஆண்மைக் குறைவும் சிறுநீர்க் கசிவும் வரலாம். ஆனால் மெதுவாக வளரும் கட்டி என்றால் உடனே வெட்டாமல் கண்காணித்தே வருவார்கள். முதல் படி பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனைதான், சில நூறு ரூபாய் ஆகும். அளவு கூடியிருந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை, வீக்கத்திலும் நீர்த்தாரைத் தொற்றிலும் கூடும். சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது.

தொந்தரவே இல்லாத எல்லோரையும் இழுத்துப் போக வேண்டுமா என்றால், அங்கே நிதானம் வேண்டும். ஐரோப்பாவில் 1993 முதல் நடந்த பெரிய ஆய்வில், 23 வருடம் கழித்துப் பார்த்தபோது பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடம் இந்தப் புற்றுநோயால் வரும் சாவு 13 சதவீதம் குறைந்திருந்தது. தேவையில்லாமல் கண்டுபிடித்து வைத்தியம் பார்த்ததும் நடந்தது. 55 முதல் 69 வயது வரை டாக்டரோடு பேசி முடிவெடுக்கலாம், 70க்கு மேல் தொந்தரவில்லாதவருக்குப் பொதுவாக வேண்டாம் என்பதுதான் அமெரிக்க நிபுணர் குழு 2018இல் சொன்னது. குடும்பத்தில் இருந்தால் 45 வயதிலேயே பேச ஆரம்பிப்பது நல்லது.

சரி, அப்பாவிடம் புற்றுநோய் என்று ஆரம்பிக்காதீர்கள். "ராத்திரி தூக்கம் கெடுதே, அதுக்கு மாத்திரை வாங்கலாம்" என்று அம்மாவைச் சொல்லச் சொல்லுங்கள். மகள் சொல்லிக் கேட்காதவர்கள் மனைவி சொல்லிக் கேட்டதை நிறையப் பார்த்திருக்கிறேன். கூட மாமாவோ பங்காளியோ ஒரு ஆம்பளை போகட்டும், நீங்கள் வெளியே உட்காருங்கள். பெரியப்பா விஷயத்தை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். நீர் எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் அதைச் சரிசெய்த பிறகு ரத்தம் எடுக்கச் சொல்வார்கள். வீக்கத்துக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டால் அட்டையை எடுத்துப் போங்கள், சில மாத்திரைகள் பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாகக் காட்டும். அப்பாவுக்கு வேறு அண்ணன் தம்பி இருந்தால் அவர்களிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.