நான்கு எழுத்துகளும் நழுவிப்போன ஓர் ஒலியும்

கேள்வி: ஆங்கிலச் சொற்களில் ஓ, யு, ஜி, எச் ஆகிய நான்கு எழுத்துகளும் சேர்ந்து வரும்போது உச்சரிப்பு சொல்லுக்குச் சொல் மாறுகிறதே, இதற்கு விதி ஏதும் இல்லையா?

பதில்: முழுமையான விதி இல்லை, வரலாறு உண்டு. கடினம் எனப் பொருள்படும் 'டஃப்' என்ற சொல்லில் முதலெழுத்தை அடுத்து ஓர் எச் சேர்த்தால் 'தோ' (ஆயினும்) ஆகிறது. அதனுள் ஓர் ஆர் நுழைந்தால் 'த்ரூ' (ஊடாக). மேலும் ஓர் ஓ புகுந்தால், முழுமையான என்னும் பொருளில் பிரிட்டனில் 'தரா' என்றும் அமெரிக்காவில் 'தரோ' என்றும் ஒலிக்கிறது. நான்கு எழுத்துகளும் இடம் பிரியாமல் அப்படியேதான் நிற்கின்றன.

பழைய ஆங்கிலத்தில் இத்தகைய சொற்கள் பலவற்றில் தொண்டையோரம் காற்று உரசி எழும் ஓர் ஒலி இருந்தது. 'பகல்' என்பதில் வரும் ககரத்தை இன்னும் அழுத்தமான காற்றொலியாக நினைத்துக்கொண்டால் அதன் சாயல் கிடைக்கும். 1066-இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு, எழுத்தர்கள் அதை ஜி, எச் இரண்டையும் சேர்த்து எழுதும் வழக்கம் பரவியது. பின்வந்த நூற்றாண்டுகளில் அவ்வொலி சில சொற்களில் அடியோடு மறைந்தது. உதடு குவியும் உயிரொலிகளை அடுத்து வந்த சில இடங்களில் 'ஃப்' ஆகத் திரிந்தது. எது எப்படி மாறும் என்பது வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்டது. பிசைந்த மாவுக்குப் பொதுவழக்கில் 'டோ' என்றிருக்க, அதன் வட்டார வடிவமான 'டஃப்' (மேலே கண்ட கடினம் அன்று, வேறு சொல்) ஒருவகைப் புட்டிங்கின் பெயராக இன்றும் வாழ்கிறது. இங்கிலாந்தின் முதல் அச்சாளரான வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவியபோது உயிரொலிகளும் மாறிக்கொண்டிருந்தன. அச்சு எழுத்தை இறுகச் செய்ய, பேச்சு மட்டும் தன் போக்கில் நகர்ந்தது.

மனத்தில் பதிய வைக்கத் தக்கது ஒன்றே: இந்நான்கையும் அடுத்து டகர ஒலியுடன் சொல் முடிந்தால், 'தாட்' (எண்ணம்), 'பாட்' (வாங்கினார்), 'ஃபாட்' (போரிட்டார்) என்பவை போலப் பெரும்பாலும் 'ஆட்' என ஒலிக்கும். வறட்சியைக் குறிக்கும் 'டிரவுட்' இதற்கு அடங்காது.

கேள்வி: எழுத்தைத் திருத்த எவரும் முயலவில்லையா?

பதில்: அமெரிக்கரான நோவா வெப்ஸ்டர், ஏரைக் குறிக்கும் 'ப்ளவ்' என்ற சொல்லை இந்த எழுத்துகள் இல்லாமலே தம் 1828-ஆம் ஆண்டு அகராதியில் தந்தார், அமெரிக்காவில் அதுவே நிலைத்தது. பிரிட்டன் பழையதையே வைத்திருக்கிறது.

கேள்வி: ஒரே சொல்லில் இவை இருமுறை வருவதுண்டா?

பதில்: இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் உள்ள 'லஃப்பரா' என்ற ஊரின் பெயரில் வருகின்றன. முதலில் 'அஃப்', இறுதியில் வெறும் 'அ'. இதைவிட வேடிக்கையானது விக்கலைக் குறிக்கும் 'ஹிக்கப்': இருமலைக் குறிக்கும் 'காஃப்' என்பதோடு அதற்கு உறவு உண்டெனத் தவறாகக் கருதி இந்நான்கு எழுத்துகளையும் அதன் வாலில் ஒட்டினார்கள், அப்படி எழுதினாலும் 'ஹிக்கப்' என்றே படிக்க வேண்டும்.