அந்தக் கோட் துண்டுகளை அழிக்கச் சொல்லாதீர்கள் அம்மா

போன சனிக்கிழமை அல்சூரிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்தீர்களே, கிளம்பும்போது வாசலில் ஒன்று சொன்னீர்கள்: "உருப்படியாக ஒரு பிராஜெக்ட் இல்லை சார், அங்கே இங்கே காப்பியடித்து கம்ப்யூட்டர் கோட் துண்டுகளாகச் சேர்த்து வைத்திருக்கிறாள்." அவள் எதிரில் வேண்டாமென்று அப்போது பேசாமல் இருந்துவிட்டேன்.

அவள் லேப்டாப்பில் காட்டியது நான்கே வரி. படிவத்தில் போடும் கைபேசி எண் சரிதானா என்று பார்க்கும்: பத்து இலக்கம், முதல் இலக்கம் 6 முதல் 9க்குள். கோட் எழுதும் மென்பொருளான விஎஸ் கோடில் அதை ஸ்னிப்பெட்டாக, அதாவது வேண்டும்போது கூப்பிடும் துண்டாக, சேமித்து வைத்திருக்கிறாள். 'போன்' என்று அடித்து டேப் தட்டினால் நான்கு வரியும் வந்து உட்கார்ந்துவிடுகிறது. "முன்னால் +91 போட்டால்?" என்றேன். கொஞ்சம் முழித்தாள், அப்புறம் அங்கேயே திருத்தினாள். வெறுமனே காப்பியடித்தவளுக்கு அது வராது.

ஒரு குறை உண்டு. எதை எங்கே எடுத்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. ஒவ்வொரு துண்டின் தலையிலும் இரண்டு வரி கமென்ட் எழுதட்டும்: எங்கிருந்து வந்தது, எப்போது சொதப்பும். கோட் எழுதுபவர்கள் கேள்வி பதில் போடும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் எடுத்ததென்றால் எழுதியவர் பெயரும் லிங்க்கும் கட்டாயம். அங்கே உரிமமே அப்படித்தான். இன்டர்வியூவில் "இந்த வரி எதற்கு?" என்று கேட்டாலும் கை கொடுக்கும்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். அடுத்த மாதம் ஒயிட்ஃபீல்டில் இன்டர்ன்ஷிப் போகிறாள். வேலையில் எழுதும் கோட், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லையென்றால், 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி நிறுவனத்துக்கே சொந்தம். இன்டர்ன்களிடமும் பெரும்பாலும் அப்படித்தான் எழுதி வாங்குவார்கள். வீட்டுக்கு எடுத்து வந்து தன் கிட்ஹப் கிஸ்ட்டில் (கோட் துண்டுகளை இணையத்தில் பகிரும் இடம்) போடக் கூடாது. அங்கே 'சீக்ரெட்' என்று ஒரு வகை இருக்கிறது, பெயரை நம்ப வேண்டாம். தேடினால் வராது, அவ்வளவுதான். லிங்க் கிடைத்தவர் யாரும் திறந்து பார்க்கலாம். என்னிடம் வந்த ஒரு பையன் பாஸ்வேர்டோடு போட்டுவிட்டு, பதறி அந்த வரியை மட்டும் அழித்தான். பழைய பதிப்பில் அது அப்படியே இருந்தது. பாஸ்வேர்டையே மாற்ற வேண்டியதாயிற்று; அலுவலகத்தில் வாங்கிய திட்டு தனி.

தானே வீட்டில் எழுதியதைத் தாராளமாகப் பகிரட்டும். அந்த போன் துண்டை வகுப்புத் தோழிகளுக்கு அனுப்பியிருக்கிறாளாம். எண்ணுக்கு நடுவே இடைவெளி விட்டால் என்ன ஆகிறது என்று யாராவது பார்த்தார்களா, கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.